தீ எட்டாத கூடு

ஓர் இளம் தூக்கணாங்குருவி முதல் முறையாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தது. கூடு பிடித்தால்தான் பெண்குருவி குடிவரும் என்பதால் அதற்கு ஒரே கவலை. காட்டுத்தீயில் வால் நுனி கருகித் தப்பிய உடும்பை அழைத்து வந்து, "அண்ணே, இந்த இடத்துக்குத் தீ வருமா, பாத்துச் சொல்லுங்க" என்றது.

உடும்பு மரத்தைச் சுற்றி வந்தது. "கீழ காஞ்ச புல் கிடக்கு. பக்கத்துக் கூடெல்லாம் ரொம்ப நெருக்கம். ஒண்ணு எரிஞ்சா எல்லாம் எரியும்."

"அப்போ நாங்க எல்லாம் சாகவா குடியிருக்கோம்?" என்று பக்கத்துக் குருவிகள் சிரித்தன.

குருவி பாதிக் கூட்டை அப்படியே விட்டுவிட்டு, பாறைவெளியில் தனியாக நின்ற பனைக்குப் போனது. தொலைவிலிருந்து ஒவ்வொரு நாராகக் கொண்டுவந்து கட்டி முடித்தது. உடும்பு மறுபடி வந்து பார்த்தது.

"இனிப் பயமில்ல தம்பி. இங்க தீ வர வழியே இல்ல."

குருவி வாசலில் தொங்கியபடி சிறகடித்துக் கூப்பிட்டது. பெண்குருவிகள் பழைய மரத்திலேயே ஒவ்வொரு கூடாக நுழைந்து பார்த்துக்கொண்டிருந்தன. அதன் குரல் அவ்வளவு தூரம் எட்டவில்லை.

சாயங்காலம் உடும்பு கிளம்பியது.

"அண்ணே," என்றது குருவி, "நாளைக்கும் ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க. பாறை இடுக்குல ஏதாவது புல் முளைச்சிருக்கலாம்."