ஐந்தாவது இலை

“இன்னைக்கும் நாலுதான்,” என்றார் டோரதி டீச்சர்.

பாலக்கரையில் காலைக் கோயில் மணி அடித்ததும், காம்பவுண்டு சுவரின் மேலிருந்த மணி பிளான்ட் தொட்டிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுவார். ஈரத்துணியால் இலைகளைத் துடைப்பார். பிறகு வகுப்பில் ஆஜர் எடுப்பது போல ஒவ்வொன்றாக எண்ணுவார். இரண்டு வருஷமாக ஒரு நாளும் தவறாத வழக்கம் அது. ஸ்ரீரங்கத்து நர்சரியில் வாங்கிய அந்தக் கொடிக்கு நான்கே இலைகள். ஐந்தாவது எப்போதாவது துளிர்க்கும். இரண்டு நாளில் காம்போடு காணாமல் போகும்.

சுவருக்கு அந்தப் பக்கம், துறையூர்க்காரி வேலம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுத் தொட்டியில் அதே கொடி அடர்ந்து, ஜன்னல் கம்பிகளைச் சுற்றி, மாடிப்படி வரை ஏறியிருந்தது.

“சாணம் வச்சேன், டீத்தூள் போட்டேன், நிழல்ல வச்சேன், வெயில்ல வச்சேன். இந்த அணில்தான் கடிக்குது போல. உங்களுக்கு மட்டும் எப்படிங்க இப்படி வளருது?” என்று டீச்சர், சுவர் மேல் ஓடிய அணிலை முறைத்தார்.

“விலைக்கு வாங்கினது வளராதுங்க டீச்சர். இதைத் திருடி வச்சாத்தான் வரும். எங்க ஊர்ல சின்னப் புள்ளையைக் கேட்டாக்கூடச் சொல்லும்.”

“அப்போ உங்களோடது?”

“திருடினதுதான்.”

“எங்கேருந்து?”

“அதைச் சொன்னா செடி கோவிச்சுக்கும்.”

களவு பாவம் என்று ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துகிறவர் டீச்சர். “போங்க, உங்களுக்கு வேற வேலையில்லை,” என்று உள்ளே போய்விட்டார்.

ஆனால், ஒரு செவ்வாய்க்கிழமை வேலம்மாள் மார்க்கெட்டுக்குப் போயிருந்த வேளையில், சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் தொங்கிய கொடியின் நுனியை டீச்சரின் விரல்கள் கிள்ளிவிட்டன. மூன்று இலைகள். திருட்டுப் பொருளை வெளியில் வைக்க முடியுமா? ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, படுக்கையறை ஜன்னலில், திரைக்குப் பின்னால் மறைத்து வைத்தார்.

அது வளர்ந்தது. வாரத்துக்கு ஓர் இலை விட்டது. திரைக்கம்பியில் ஏறி, சுவரில் மாட்டியிருந்த மாதா படத்துக்கு மாலை போட்டது.

“ஏன் டீச்சர், அந்த ஜன்னல்ல எப்பவும் திரை மூடியே கிடக்கு?” என்று வேலம்மாள் ஒரு நாள் கேட்டாள்.

“வெயிலுங்க. கண்ணு கூசுது.”

“அது வடக்குப் பார்த்த ஜன்னலாச்சே?”

டீச்சர் அடுப்பில் பால் பொங்குவதாகச் சொல்லி உள்ளே ஓடினார். அடுப்பில் பாலே இல்லை.

அடுத்த வருஷத்து ஈஸ்டர் நெருங்கியது. அன்று டீச்சரின் எட்டு வயது மகளுக்குப் புதுநன்மை. குழந்தை முதன்முதலாக நற்கருணை வாங்கும்போது தாயும் பக்கத்தில் முழந்தாளிட வேண்டும். களவை வீட்டுக்குள் வளர்த்துக்கொண்டு எப்படி நற்கருணைக்கு நாக்கை நீட்டுவது? புனித வாரத்துத் திங்களன்று, பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார்.

“எத்தனை இலைம்மா எடுத்தே?” என்று பங்குச் சாமியார் கேட்டார்.

“மூணு, சாமி. இப்ப நாப்பத்தொண்ணு.”

மரக்கூண்டின் உள்ளேயிருந்து ஓர் இருமல் கேட்டது. சிரிப்பை விழுங்கிய இருமல். “உடையவங்க கையிலேயே திருப்பிக் கொடுத்துட்டு வாம்மா. அப்புறம் மன்னிப்பைப் பார்க்கலாம்.”

அன்று மாலையே, கொடியை அறுந்துவிடாமல் தோளில் சுற்றிக்கொண்டு, பாட்டிலை இரு கைகளிலும் ஏந்தி, மேடைக்கு வந்த விருந்தாளி போல டீச்சர் சுவரருகே நின்றார்.

“வேலம்மா, போன வருஷம் உங்க கொடியை நான் கிள்ளிட்டேன். இத்தனை நாளா திரைக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்தேன். தயவுசெஞ்சு வாங்கிக்குங்க. நீங்க வாங்கிக்கிட்டாத்தான் ஞாயித்துக்கிழமை என் பொண்ணு பக்கத்துல நான் முழங்கால் போட முடியும்.”

வேலம்மாள் கொடியைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். முகம் சிவந்தது. விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

“கோவமா வேலம்மா?” டீச்சர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். புதுநன்மைக்குத் தைத்து வைத்திருந்த மகளின் வெள்ளை கவுன் கண்ணுக்குள் வந்து போனது.

வேலம்மாள் திரும்பி வந்தபோது அவள் கைகளில் அவளுடைய பெரிய தொட்டி இருந்தது. மாடிப்படி வரை ஏறிய கொடி முழுவதும் சுருண்டு அதன் மேல் கிடந்தது. மூச்சு வாங்க அதைச் சுவரின் மேல் வைத்தாள். பிறகு டீச்சருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

“என்ன இது?”

“கையில கொடுத்தா வளராதுங்க. நான் பார்க்கலை, எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. ரெண்டும் உங்களோடதுதான்.” திரும்பாமலேயே வேலம்மாள் சொன்னாள்: “உங்க செடி அஞ்சாவது இலை விட்டப்பல்லாம் கிள்ளிக்கிட்டுப் போனது அணில் இல்லைங்க டீச்சர், நான்தான், நீங்க திரைக்குப் பின்னால ஒளிச்சு வச்சதாலதான் இந்த ஒண்ணாவது என் கைக்குத் தப்பிச்சு வளர்ந்திருக்கு.”