ஈர வாசல்

டெடே நீட்டிய தண்ணீர்க் குவளையை ஒஃபோரிவா அம்மாள் வாங்கினார். வாங்கிய கையோடு தரையில் கவிழ்த்தார்.

“இவ கை பட்ட தண்ணியில நாக்கைக்கூட நனைக்க மாட்டேன். செத்தாலும் மாட்டேன்!”

ஞாயிறு ஆராதனை முடிந்து, கோயிலை ஒட்டிய அறையில் போதகர் அனிமும் சபை மூப்பர்களும் கூடியிருந்தார்கள். அந்த ஊர் வழக்கப்படி, வந்தவர் தண்ணீர் குடித்த பிறகுதான் வந்த காரியத்தைக் கேட்பார்கள். இன்று குடிக்காமலே கேட்க வேண்டியதாயிற்று.

டெடே குனிந்து, அம்மாளின் ஊன்றுகோல் வழுக்காதபடி அந்த இடத்தைத் தன் தோள்துணியால் துடைத்தாள்.

“நடிக்கிறா பாருங்க!” அம்மாள் கோலைத் தரையில் தட்டினார். “கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் குழாயடியில விழுந்து இடுப்பை உடைச்சுக்கிட்டேன். இன்னும் எலும்பு கூடலை. ஏன்? தினமும் விடியும்போது என் வாசல் ஈரமா கிடக்கு. இவ கதவுலேர்ந்து என் கதவு வரைக்கும் ஈரக் காலடி. புழுதிக்காத்து அடிக்கிற மாசத்துல ஈரம் எங்கேர்ந்து வரும்? மந்திரிச்ச தண்ணி, ஐயா!”

“நீங்களே பாத்தீங்களா?” என்று கேட்டார் மூப்பர் டார்க்வா. இரண்டு பெண்களும் அவர் வீட்டில்தான் எதிரெதிர் அறைகளில் குடியிருந்தார்கள்.

“ஜன்னல் இடுக்குல பாத்தேன். கையில ஏதோ பாத்திரம், வாய்க்குள்ள முணுமுணுப்பு. இவ பொறந்த குரோபோ நாட்டுலேர்ந்து எதைக் கத்துக்கிட்டு வந்தாளோ!”

“ஐயோ, நேத்துகூட இவகிட்ட கெங்கே உருண்டை வாங்கித் தின்னேனே!” ஒரு மூப்பரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “அந்தச் சோளமாவுல என்னத்தைக் கலந்தாளோ!”

சிலர் சிரித்தார்கள். டெடே மட்டும் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

டார்க்வா சபைப் பதிவேட்டைத் திறந்தார். “இங்க பாரு. சூனியம்னு முடிவானா உன் பேரை அடிச்சுடுவோம். நற்கருணை கிடையாது. என் வீட்டுலயும் இடம் கிடையாது. சாயங்காலத்துக்குள்ள மூட்டை கட்டிடணும். கேக்குறதுக்குப் பதில் சொல்லு. இவங்க வாசலுக்கு எதுக்குப் போன?”

டெடே தயங்கினாள். “சொல்ல வேண்டாம் ஐயா. சொன்னா நாளைக்கு இந்த அக்காவுக்குத்தான் கஷ்டம்.”

“கேட்டீங்களா? உங்க முன்னாடியே மிரட்டுறா!” அம்மாள் எழப் பார்த்து, இடுப்பு வலியில் மறுபடி உட்கார்ந்தார். “எழுதுங்க, மூப்பரே!”

“கர்த்தருக்குத் தெரியும். எனக்கு அது போதும்” என்றாள் டெடே.

“கர்த்தரா?” அம்மாள் சீறினார். “அவர் பேரைச் சொல்ல உனக்கு வாய் எப்படி வருது? அவர் நீதியுள்ள நியாயாதிபதி. நமக்குள்ள எப்பவோ தீர்ப்புச் சொல்லிட்டாரு. என் மக அக்ராவுல, எனக்கு இங்க நாதியில்லை. ஆனா என் வாசலை ஒட்டின பின்கட்டுல என் பீப்பாய் ஒருநாள் குறையாம ரொம்பியிருக்கு. உன் பீப்பாய்? விடியுமுன்னே எழுந்து குழாயடிக்கு ஓடுற, அப்பவும் பாதிதான்! மாவு கரைக்கத் தண்ணியில்லாம போன வாரம் ரெண்டு நாள் அடுப்பே மூட்டலை. அவர் யார் பக்கம்னு இன்னுமா புரியலை?”

“ஆமென்” என்றார் மூப்பரம்மா.

டார்க்வா பேனா மூடியைக் கழற்றி, டெடேயின் பெயரைத் தேடி விரலை ஓட்டினார். பெயர் கிடைத்தது.

போதகர் அனிம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

அவர் பார்வை தரையில் நின்றது. தண்ணீரைத் துடைத்துவிட்டு டெடே திரும்பி நடந்த இடத்தில், அம்மாளின் நாற்காலியிலிருந்து அவள் இருக்கை வரை, ஈரக் காலடிகள் வரிசையாகக் கிடந்தன.

டார்க்வாவின் பேனா ஏட்டைத் தொடுமுன் போதகரின் உள்ளங்கை அந்தப் பெயரை மூடியது.

“என்னய்யா தயக்கம்?” அம்மாளின் குரல் இப்போது இளகியிருந்தது. “நான் படுத்த அன்னைக்கு நீங்கதானே வந்து ஜெபிச்சீங்க? ‘தண்ணிக்குக் கவலைப்படாதீங்க, ஆள் அனுப்புறேன்’னு சொன்னீங்க. மறுநாளே பீப்பாய் ரொம்பிடுச்சு. அந்தப் புண்ணியவதி முகத்தை நான் ஒருநாள்கூடப் பாத்ததில்லை. யாருன்னு சொல்லுங்க, கையைப் பிடிச்சு நன்றி சொல்லணும்.”

போதகர் தலை நிமிரவில்லை.

“ஆள் அனுப்ப நான் மறந்தே போயிட்டேன், அம்மா.”