தலைக்கு மேல் சத்தம்

டெல்பின் மைக் முன்னால் வந்து நின்றாள். ஊர்மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிஷம்.

"கோடை வந்தா தலைக்கு மேல ஒரே எஞ்சின் சத்தம். பியர் டப்பாவெல்லாம் என் தோட்டத்துலதான் வந்து விழுது. நீங்கல்லாம் இருந்து என்னத்த கிழிச்சீங்க, ஓரின்?"

"மேல நடக்கறது நம்ம அதிகாரத்துல வராதும்மா," என்றார் மன்றத் தலைவர் ஓரின்.

"அப்ப கூட்டத்தையாவது முடிச்சுத் தொலைங்க. நீங்க முடிச்சாத்தானே நாங்க போக முடியும்."

"உறுப்பினர் ஒருத்தர் கை தூக்கி முன்மொழியணும். இன்னொருத்தர் வழிமொழியணும். விதி தெரியாதா உங்களுக்கு?"

உறுப்பினர்கள் அசையவில்லை. அணை கட்டி ஊரைக் காலி செய்யச் சொன்னபோது, எழுந்தால் ஊர் போய்விடும் என்று கூட்டத்தை முடிக்காமலே உட்கார்ந்துவிட்டவர்கள் அவர்கள். தண்ணீர் ஜன்னலைத் தாண்டியபோதும் ஒருவரும் கை தூக்கவில்லை. இப்போது ஊருக்கு மேல் ஏரி. ஏரிக்கு மேல் விசைப்படகுகள்.

இடிந்த கூரை வழியே ஒரு தூண்டில் முள் இறங்கி, உறுப்பினர் வெண்டலின் சட்டைக் கையில் மாட்டியது. மேலே படகிலிருந்து யாரோ சுண்டி இழுக்க, வெண்டலின் கை மெல்ல உயர்ந்தது.

"முன்மொழிஞ்சாச்சு," என்றார் ஓரின். "வழிமொழியறது யாரு?"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். இத்தனை காலம் சபித்த எஞ்சின் சத்தம், இன்னொரு படகாக நெருங்கி வருவதை, டெல்பின் முதல் தடவையாக ஆசையோடு கேட்டாள்.