டாக்டருக்கு விழுந்த ஒரே ஓட்டு

"என் காலை வெட்டி எறியாமக் காப்பாத்துன புண்ணியவான் நீங்க, டாக்டரய்யா! நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும்!"

கண் கலங்கச் சொன்ன மைகாஜா டோல், அப்படியே ஷெரீஃபின் மேஜைப் பக்கம் திரும்பினான். "என் ஓட்டு பிராம்லெட்டுக்கு!" என்று கூரை அதிரக் கத்தினான்.

டாக்டர் ப்ரூயிட்டுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது.

அன்று மாநிலச் சட்டசபைத் தேர்தல். அந்தக் காலத்துக் கென்டக்கியில் ஓட்டை ஊரறிய வாய்விட்டுச் சொல்வதுதான் வழக்கம். போட்டியிடும் இருவரும் தேர்தல் நடத்தும் ஷெரீஃபுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்பார்கள். யார் பெயரைச் சொல்கிறார்களோ அவர் எழுந்து, தலைவணங்கி, பெயர் சொல்லி நன்றி சொல்ல வேண்டும். வக்கீல் பிராம்லெட்டுக்குக் காலையிலிருந்து எழுந்து எழுந்து இடுப்பே கழன்றிருக்கும். டாக்டர் எழுந்தது ஒரே ஒரு தடவை. அதுவும் பிராம்லெட் போட்ட ஓட்டுக்காக! எதிராளிக்கு ஓட்டுப் போடுவது கனவான்களின் மரியாதை அல்லவா? இவர் அவருக்குப் போட்டார், அவர் இவருக்குப் போட்டார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு டாக்டர் பெயரை ஒரு ஆள் உச்சரிக்கவில்லை.

அடுத்து ஏனோக் வந்தான். "என் மூணு பிள்ளைங்களும் உங்க கையிலதான் பொறந்துச்சுங்க. நாலாவது வர்ற ஜனவரியில. உங்களை மறப்பமா?" என்று டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினான். டாக்டர் ஆசையோடு நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"பிராம்லெட்டுக்கு!" என்றான் ஏனோக்.

டாக்டர் உட்கார்ந்தார்.

அந்தப் பிராம்லெட் லேசுப்பட்ட ஆளா? மரத்தில் கொத்திய எல்லைக்குறி ஒரு முழம் தள்ளியிருந்தால் போதும், வழக்குப் போட்டுவிடுவான். காட்டை வெட்டிக் குடிசை போட்டவர்களில் அவன் கோர்ட்டுக்கு இழுக்காத ஆள் கிடையாது. அவனுக்கா இத்தனை ஓட்டு!

காலையில் கிளம்பும்போதே டாக்டர் மனைவி கெசையாவிடம் சொல்லியிருந்தார். "இந்த ஊருக்கு நான் வேணுமா வேண்டாமான்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும். வேண்டாம்னா வண்டியைக் கட்டிடுவேன். மிசிசிப்பி ஆத்துக்கு அந்தாண்டை, அரசாங்கம் பிரெஞ்சுக்காரங்ககிட்ட வாங்குன புது நிலம் இருக்கு. அங்க நம்மளை மதிக்கிறவன் எவனாவது இருப்பான்."

பொழுது சாய்ந்ததும் ஷெரீஃப் முடிவைச் சொன்னார். பிராம்லெட் மாலை வெயிலில் ராஜா மாதிரி குதிரையேறிப் போனார். டாக்டர் நேராக வீட்டுக்கு வந்து மருந்துப் பெட்டியை வண்டியில் ஏற்றினார்.

"கொஞ்சம் ஆற அமர யோசிங்களேன்" என்றாள் கெசையா.

"யோசிக்க என்ன இருக்கு? குடிச்ச விஸ்கி என்னோடது, தின்ன பன்னிக்கறி என்னோடது, ஓட்டு மட்டும் அவனுக்கு! நன்றி கெட்ட ஜனங்க! குதிரையைப் பூட்டு!"

அவள் பூட்டி முடிப்பதற்குள் தெருவே திரண்டு வந்தது. மைகாஜாவின் தோளில் ஒரு முழுப் பன்றித்தொடை. இன்னொருவன் தலையில் சோளமூட்டை. ஏனோக் வயிறு மேடிட்ட மனைவியைக் கைபிடித்து நடத்தி வந்தான். வண்டியைப் பார்த்ததும் எல்லோரும் திகைத்து நின்றார்கள்.

"ஐயையோ! எங்க கெளம்பிட்டீங்க, டாக்டரய்யா?"

"இதுவேற வேணுமா?" டாக்டரின் குரல் உடைந்தது. "ராத்திரி பகல் பாக்காம உங்களுக்கு உழைச்சேனே! அப்படி என்னய்யா தப்புப் பண்ணினேன்?"

"தப்பா?" ஏனோக் தலையில் அடித்துக்கொண்டான். "ஜெயிச்சவன் பனிக்காலம் பூரா சட்டசபை கூடுற ஃபிராங்ஃபோர்ட்லதான கெடக்கணும்? நீங்க அங்க போய் உக்காந்துட்டா இவளுக்கு யாரு பிரசவம் பாப்பா? அந்தப் பீடை போய்த் தொலைஞ்சா, எங்க எல்லை மேல வழக்குப் போட இங்க யாரு இருக்கா? அதான் ஊரே கூடிப் பேசி வச்சோம்!"

டாக்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. மெல்லத் தொப்பியைக் கழற்றினார். காலையிலிருந்து செய்யக் காத்திருந்ததை இப்போது செய்தார். ஒவ்வொருவர் முன்னாலும் தலைவணங்கி, "நன்றி, மைகாஜா. நன்றி, ஏனோக்" என்று பெயர் சொல்லிக்கொண்டே போனார். கெசையா குதிரைகளை அவிழ்க்கத் தொடங்கியிருந்தாள்.

பன்றித்தொடையை அவர் கையில் திணித்த மைகாஜா சிரித்தான். "எங்களைப் போய்க் கோவிச்சுக்கிட்டீங்களே! நீங்க இந்த ஊரை விட்டுப் போகணும்னு ஓட்டுப் போட்டது அந்தப் பிராம்லெட் ஒருத்தன்தாங்க!"