குழிக்கு எதிர்வீடு

"கூடப் பொறந்த தம்பியாம்மா?" கோர்ட்டு வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் கேட்டார்.

ஊர்க்காவலனின் ஊன்றுகோலை மடியில் சாய்த்துக்கொண்டு, அவனுக்கு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள் பாண்டிச்செல்வி. "இல்லீகய்யா. இவரு வண்டியோட குழியில விழுந்தாரு. குழிக்கு நேர் எதிர்வீடு நாங்க," என்றாள்.

"அதுக்கா இம்புட்டுப் பார்க்கீக? இந்தக் காலத்துல யாரு செய்வா." பெரியவர் மெச்ச மெச்ச அவளுக்கு முள்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

விழுந்த அன்று ஊர்க்காவலனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவள் அவள்தான். மறுநாள் சோற்றுத் தூக்கோடு போய் நின்றபோது, "மக நல்லாருக்காளாக்கா?" என்றுதான் முதலில் கேட்டான். வலியில் கிடக்கிறவன் அடுத்தவர் வீட்டை விசாரிக்கிறானே, என்ன மனசு இவனுக்கு என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கால் சரியாகவில்லை. தகடு வைத்தும் முழங்கால் இனி மடங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அன்றாடம் கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் வீடு. இடுப்பில் கைக்குழந்தையோடு பெண்டாட்டி வேறு.

ரோட்டைக் கவனிக்காத அரசாங்கம்தான் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று வழக்குப் போட்டவர் வக்கீல் ஜெபராணி. அரசாங்கத்தோடு மல்லுக்கட்ட நம்மால் ஆகுமா, வேண்டவே வேண்டாம் என்றான் ஊர்க்காவலன். பெண்டாட்டிதான் அழுது அடம்பிடித்து அவனைச் சம்மதிக்க வைத்தாள்.

கறுப்பு அங்கியைச் சரிசெய்துகொண்டே ஜெபராணி வந்தார். "பாண்டிச்செல்வி, நீங்கதான் முக்கியமான சாட்சி. குழி மாசக்கணக்கா கெடந்துச்சு, ரோட்டு ஆபீஸ்ல இருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கலன்னு சொல்லுங்க. உண்மைதானே?"

"உண்மைதாங்க மேடம்."

"குழி எப்படி வந்துச்சுன்னு அரசு வக்கீல் கேப்பாரு. யாரோ தோண்டுனதுன்னு ஆயிட்டா, எங்க மேல தப்பில்லன்னு கையக் கழுவிருவாங்க. மழையில தார் பேந்து வந்த குழிதானே, அத அழுத்திச் சொல்லுங்க. அதுலதான் கேஸே நிக்குது." சொல்லிவிட்டு ஜெபராணி உள்ளே போய்விட்டார்.

ஆனால் பாண்டிச்செல்விக்குத் தெரியும். அது மழையில் வந்த குழியே இல்லை.

மகள் வயசுக்கு வந்து சடங்கு வைத்தபோது, வாசலில் இடம் ஏது? ஊரில் எல்லாரும் செய்கிறபடி ரோட்டை அடைத்துத்தான் பந்தல். போனில்தான் ஏற்பாடு செய்தாள். பந்தல்காரர்கள் கடப்பாறையால் தாரைக் குத்திக் கால் நட்டபோதும் அவள் வீட்டில் இல்லை, பிரித்தபோதும் இல்லை. தீபாவளி சீசனில் லீவு கேட்டால் போர்மேன் கடித்துக் குதறுவார் என்று தான் வேலை பார்க்கும் பட்டாசு ஆபீஸ் வேனில் ஏறிப் போய்விட்டாள்.

திரும்பி வந்து பார்த்தால், மற்றக் குழிகளை மூடியவர்கள் ஒன்றை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள். ஒரு சட்டி மண்ணள்ளிப் போட்டிருந்தால் தீர்ந்தது. நாளைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்றே நாளைக் கடத்திவிட்டாள்.

லோடு லாரி ஏறி ஏறிக் குழி அகன்றது. மழைக்குத் தண்ணீரும் நின்றது. வேன் டிரைவர் தினமும் அதை ஒதுக்கித்தான் ஓட்டுவார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போவாள். பாவி மகள், பார்த்துக்கொண்டேதான் போனாள்.

"தம்பி, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள் மெதுவாக.

"சொல்லுங்கக்கா."

"அது மழையில வந்த குழி இல்லப்பா. எம் மக சடங்குக்குப் பந்தக்கால் நட்ட குழி. மூடாமப் போட்டு வச்சிருந்தது நான்தான். ஒன் கால ஒடிச்சது அரசாங்கம் இல்ல, நான்."

ஊர்க்காவலன் பிட்ட இட்லியைப் பொட்டலத்திலேயே திரும்ப வைத்தான்.

"கூண்டுல ஏறிச் சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்ல எனக்கு நாக்கு எழாது. உண்மையச் சொன்னா ஒனக்கு ஒத்தப் பைசா கெடைக்காதுன்னும் தெரியும். ஆயுசுக்கும் ஒங்க வீட்டுக்கு நான் ஒழைச்சுப் போடுதேன். என்னைய மன்னிச்சிருப்பா."

அவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. கையில் வந்தது போகிறதே என்று அழுகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். மனசு கேளாமல் முந்தானையை எடுத்துக்கொண்டு கிட்டே போனாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

உள்ளேயிருந்து டவாலி அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். ஊர்க்காவலன் சட்டென்று அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"நீங்க போக வேண்டாங்கக்கா," என்றான். "ஒங்க வீட்டுப் பந்தலப் பிரிச்சிட்டு, அந்தக் குழிய மூடாமப் போனவன் நான்தான்."