மூன்று மணி நேரம்

மயிலாப்பூரில் கல்யாணராமன் பூகோள வாத்தியார். மகள் ஸஹானா மேல்படிப்புக்கு நியூயார்க் போகிறாள் என்றதும், உலக உருண்டையில் நூல் வைத்து அளந்துவிட்டார். "பதிமூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்! நடுவுல இறங்கி ஏறினா இருபத்திரண்டு மணி நேரம்!" தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லியாகிவிட்டது.

தொண்ணூற்றாறு ஜனவரியில் ஒரு காலை, ஆறு மணி விமானத்துக்கு மீனம்பாக்கம் போய் வழியனுப்பிவிட்டு வந்தார்கள். ஊருக்குப் போனவள் போய்ச் சேரும்வரை வீடு பெருக்கக் கூடாது என்று மனைவி கோமதி துடைப்பத்தையே ஒளித்து வைத்தாள்.

ஒன்பது மணிக்கு ஃபோன் அடித்தது.

"அப்பா, வந்து சேர்ந்துட்டேன்! இங்க பனி கொட்றது, பஞ்சு மாதிரி! அம்மாவைப் பெருக்கச் சொல்லு."

ஸஹானாவின் குரலேதான். கோமதி சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மளமளவென்று வீட்டைப் பெருக்கித் துடைத்தாள். கல்யாணராமன் மட்டும் மணியைப் பார்த்துவிட்டு மறுபடி நூலை எடுத்தார். அதே அளவுதான் வந்தது.

பன்னிரண்டு மணிக்கு வாசலில் டாக்ஸி நின்றது. ஸஹானா பெட்டியோடு இறங்கினாள்.

"இஞ்சின்ல ஏதோ கோளாறாம்மா. பிளேன் கிளம்பவேயில்லை. நாளைக்குத்தானாம்!" என்று சிரித்தபடி வந்தவள், ஈரத் தரையைப் பார்த்து நின்றாள். "அதுக்குள்ள ஏன் பெருக்கினே?"

கோமதி வாயைத் திறப்பதற்குள் ஃபோன் அடித்தது. ஸஹானாதான் ஓடிப்போய் எடுத்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு ரிசீவரை அப்பாவிடம் நீட்டினாள்.

"உனக்குத்தான்ப்பா. ஸஹானா பேசறாளாம்."