கப்பலின் கால்

"உங்க காலு வேணாங்க. நாயோட காலைக் காட்டுங்க," என்றார் டாக்டரம்மா.

போனைத் திருப்பிப் பிடித்தேன். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன விரலுக்கு அந்தக் கண்ணாடி அடங்குவதில்லை. ஒரு இடத்தைத் தொட்டால் வேறொன்று திறந்துகொள்ளும்.

"யாரையாவது போனைப் பிடிச்சுக்கச் சொல்லுங்களேன்."

"நான் ஒருத்தன்தாங்க."

கடைசியில் தண்ணீர்ச் சொம்பின் மேல் போனைச் சாய்த்து வைத்தேன்.

முன்னங்கால் பந்து மாதிரி வீங்கியிருந்தது. விரலிடுக்கில் சீழ். நேற்றிலிருந்து தண்ணீரைத் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை. மூக்கைத் தொட்டால் சுட்டது.

டாக்டரம்மா முன்பு இந்த ஊரில் இருந்தவர். மாற்றலாகிப் போய்விட்டார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. இப்போது இருக்கிற ஊருக்குப் பஸ்ஸில் அரை நாள். பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். தூக்கிக்கொண்டு நடக்க என் இடுப்பு ஒத்துக்கொள்ளாது.

போனில் வைத்தியம் பார்ப்பதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள். கூப்பிடுவதற்கு முன்னாலேயே அது திரையில் வந்து நிற்கும். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தேன். டாக்டர் நேரில் ஏற்கெனவே தொட்டுப் பார்த்த பிராணிக்கு மட்டும்தான் போனில் மருந்து எழுதலாம். தொடாததற்கு எழுதினால் அவர் வேலைக்கே ஆபத்து.

டாக்டரம்மா தொட்டுப் பார்த்தது கப்பலை. லாரியில் அடிபட்டபோது தொடையில் தையல் போட்டவரே அவர்தான். நடக்கும்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி ஆடி வருவான். அதனால்தான் நாய்க்குக் கப்பல் என்று பேர்.

கப்பல் செத்து ஒரு மழைக்காலம் போய்விட்டது.

இது வேறு. ஒரு நாள் சாயங்காலம் சோத்து வாசனைக்கு வந்து வாசலில் நின்றது. நிறம் மட்டும் கிட்டத்தட்ட அதே செம்பட்டை. பெயர் வைக்கவில்லை. "ஏய்" என்பேன், "வாடா" என்பேன். அது என் முகத்தைப் பார்க்காது, தட்டைத்தான் பார்க்கும். இன்னொரு தடவை ஒன்றைப் பழக்கிக்கொள்ள எனக்கும் மனசில்லை.

ஆனால் காலைத் தூக்கிக்கொண்டு மூலையில் போய்ப் படுத்ததும் கிடங்குக்கு லீவு சொல்லிவிட்டேன்.

"கப்பல்தானே?" என்று டாக்டரம்மா எடுத்ததுமே கேட்டிருந்தார்.

"ஆமாங்க" என்று சொல்லியிருந்தேன்.

இப்போது திரைக்குக் கிட்டே வந்து பார்த்தார்.

"முன்னங்கால் வெள்ளையா இருக்குமே?"

"வெள்ளைதாங்க. சேத்துல திரிஞ்சு கறுத்துப் போச்சு. குளிப்பாட்டப் போனா என்னைக் குளிப்பாட்டி விட்டுடறான்."

அவர் சிரிக்கவில்லை.

"தொடையைத் திருப்புங்க. தையல் எப்படி ஆறியிருக்குன்னு பாக்கறேன்."

"அந்தப் பக்கமாப் படுத்திருக்கான் டாக்டரம்மா. திருப்பினா வலியில கத்துவான்."

ஒரு மூட்டையை இறக்கி வைத்தால் அடுத்தது முதுகுக்குத் தயாராக நிற்குமே, அப்படித்தான் ஒரு பொய்க்குப் பின்னால் இன்னொன்று வந்து நின்றது.

டாக்டரம்மா பக்கம் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. என் பக்கம் நாய் மூச்சு வாங்குகிற சத்தம்.

"சரி, பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. தலையைத் தூக்குதான்னு பாப்போம்."

காய்ச்சலுக்காகக் கேட்டாரோ, என்னைப் பிடிப்பதற்காகக் கேட்டாரோ. எதுவானாலும் அதோடு கதை முடிந்தது. தட்டைக் காலால் ஒரு தட்டுத் தட்டினால் திரும்பும். காலை நீட்டிப் பார்த்தேன். எட்டவில்லை.

"கூப்பிடுங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டேன். அந்தப் பெயரைச் சொல்லி நாளாகிவிட்டது.

"கப்பலு."

காது நிமிர்ந்தது.

தலையைத் தூக்கி நேராக என் முகத்தைப் பார்த்தது. வால் தரையில் ஒரு தடவை அடித்தது. பிறகு இன்னொரு தடவை.

"கப்பல்தான்," என்றார் டாக்டரம்மா. எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை. "மருந்து எழுதி அனுப்பறேன். கடையில காட்டி வாங்குங்க. காலை நக்க விடாதீங்க."

அவர் போனை வைத்தார். மருந்துச் சீட்டு வந்து விழுந்த சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

இதை ஒரு நாளும் அந்தப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதில்லை.

கப்பலைப் புதைத்த பிறகும், வேலை விட்டு வந்ததும் பூட்டைத் திறக்காமல் வாசலில் நின்று "கப்பலு, கப்பலு" என்று கூப்பிடுவேன். வராது என்று தெரியும். எதிர் வீட்டு ஜன்னல் சாத்திக்கொள்ளும். சாத்தட்டும். கூப்பிடாமல் உள்ளே போய்விட்டால், ஒரு உயிரைக்கூடப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் அந்த நாள் முடிந்துபோகும்.

அப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம்தான் இது வந்து நின்றது. அன்றோடு கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். அதற்கு முன்னால் எந்தச் சந்தில் படுத்துக்கொண்டு, எத்தனை சாயங்காலம் கேட்டுக்கொண்டிருந்ததோ.

சோத்து வாசனைக்கு வந்ததென்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அன்றைக்கு நான் அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.